கேட்டுக்கு வெளியே விட்டால் தண்ணீர் போய்விடுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, கொல்லிமலையில் விடுதி, காட்டேஜ், ஹோம் ஸ்டே வைத்திருப்பவர்களும், வைக்கப்போகிறவர்களும், அதற்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவர்களும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். வகுப்பில் சொன்ன உரிமையோடுதான் இங்கும் சொல்கிறேன்.

புரட்டாசி நடக்கிறது. இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். எங்கள் குண்டனி நாட்டிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் இந்தக் கோடையில் புதிதாக மண் வெட்டிய இடங்கள் நிறைய. சரிவை வெட்டிச் சமமாக்கி, பேவர் பிளாக் போட்டு, புல்தரை விரித்து, சுற்றி மதில் எழுப்பியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடங்களில் விழப்போகிற மழை எந்த வழியாக, யார் காட்டுக்குள் போகப்போகிறது என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாமல் மலையில் ஒரு சதுர அடி மண்ணைக்கூட வெட்ட அனுமதிக்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விடுதிகளுக்கு எதிரி அல்ல. காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கையில் குளித்து, ஓர் இரவு தங்கிப் போவதால் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது. ஆடி 17, 18 வல்வில் ஓரி விழாவின்போது மிளகும் அன்னாசியும் பலாவும் வீட்டு வாசலிலேயே விற்றுப்போகின்றன. திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன பையன்கள் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வரட்டும். ஆனால் மேலே இருப்பவர் சம்பாதிக்க, கீழே இருப்பவர் மண்ணை இழக்கக் கூடாது.

சமவெளியில் உங்கள் வாசலில் தண்ணீர் தேங்கினால் உங்களுக்குத்தான் கஷ்டம். மலையில் அப்படி இல்லை. இங்கே எல்லா இடத்துக்கும் கீழே இன்னொரு இடம் இருக்கிறது. உங்கள் வாசலில் தேங்காத தண்ணீர் யாருடைய வாசலுக்கோ போகிறது. அதனால் மலையில் வடிகால் என்பது ஒருவரின் சொந்த விஷயமாக இருக்கவே முடியாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படாதீர்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு மாலை நேர இடிமழையில் 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அது அபூர்வமான மழை அல்ல. அந்த ஒரு ஏக்கரில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர்.

அந்த ஏக்கர் காப்பியும் சில்வர் ஓக்கும் மிளகுமாக இருந்தவரை, மழைத்துளி நேரே மண்ணில் அடிக்கவில்லை. பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. மேலே இலை வாங்கிக்கொள்ளும், கீழே சருகு வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும். ஓடையில் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும். இப்போது அதே ஏக்கரில் பாதியைக் கூரையும் சிமென்ட்டும் பேவர் பிளாக்கும் மூடிவிட்டால், அந்தப் பாதியில் விழுகிற 1 லட்சம் லிட்டரில் 90,000 லிட்டர் அப்படியே ஓடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் ஏழெட்டு லோடு. ஒரு மணி நேரத்துக்குள், ஒரே குழாய் வழியாக, ஒரே இடத்தில் அதைக் கொட்டினால் அங்கே என்ன மிஞ்சும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஓடும் தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது அடிக்கும் சக்தி நான்கு மடங்காகும். மண்ணில் ஓடும்போது கல்லும் வேரும் புல்லும் வேகத்தைத் தடுத்துக்கொண்டே இருக்கும். வழவழப்பான சிமென்ட் வாய்க்காலிலும் பி.வி.சி. குழாயிலும் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆக, தண்ணீரின் அளவும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் கீழ்ப்புறம் என் உறவினர் ஒருவரின் மிளகுத் தோட்டம். விடுதிக்காரர்கள் மழைத்தண்ணீர் முழுவதையும் ஆறு அங்குலக் குழாயில் சேர்த்து, மதில் ஓரமாக வெளியே விட்டிருந்தார்கள். இரண்டே மழைக்காலத்தில் குழாய் வாய்க்கு நேர் கீழே ஆள் இறங்குகிற ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் வேர் தெரிய நின்றன. மிளகுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். வாடல் நோய் தண்ணீரோடு சேர்ந்தே கொடிக்குக் கொடி பரவும். மிச்சம் இருந்த கொடிகளில் பாதி அப்படிப் போயிற்று. அதற்கும் கீழே நாங்கள் தலைமுறையாகக் குடித்துவந்த ஊற்று. அதில் இப்போது ஒவ்வொரு மழைக்கும் செம்மண் வந்து படிகிறது. பெண்கள் மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தெளியும்வரை காத்திருந்து குடம் நிறைக்கிறார்கள்.

நான் போய்ப் பேசினேன். மேலாளர் நல்ல பையன், மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். "சார், எங்க இடத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூட நிக்காது. எல்லாத்தையும் பைப் போட்டு வெளிய விட்டுட்டோம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேட்டுக்கு வெளியே விட்டால் வேலை முடிந்தது என்றுதான் அவருக்கு அந்த இடத்தை அமைத்துக் கொடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். என் உறவினர், "நீ அவங்ககிட்ட சண்டைக்குப் போவாத வாத்தியாரே, என் மவன் அங்கதான் வேலை பாக்குறான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் பல வீடுகளில் இன்று இதுதான் நிலைமை. மண் போகிறது, வாய் திறக்க முடியவில்லை.

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு மேல்மண் அரித்துப்போனால் அது 4 கன மீட்டர், ஏறத்தாழ 5 டன். கண்ணுக்குத் தெரியாது. சம்பளம், கடன், வட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிறோம், இதற்கு மட்டும் எழுதுவதில்லை. அந்த ஒரு மில்லிமீட்டர் மண் மறுபடி உருவாக நம் ஆயுள் போதாது.

மலையில் விடுதி என்று பேச்சு எடுத்தாலே வயநாட்டை இழுக்கிறார்கள். 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலையில் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது பெரும் நிலச்சரிவு. அது மேலே மனிதர் இல்லாத காட்டுச் சரிவில் தொடங்கி, ஆற்று வழியாக இறங்கி வந்தது. ஒரு விடுதியின் வடிகாலைச் சரிசெய்திருந்தால் அதைத் தடுத்திருக்கலாம் என்று சொல்வது நேர்மை ஆகாது. நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் அருகே நடூரைப் பாருங்கள். 2019 டிசம்பர் 2, விடியாத நேரம், விடாத மழை. ஒரு தனியார் வீட்டின் உயரமான கருங்கல் மதில், ஒட்டியிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அங்கே மலை சரியவில்லை. ஒரு மதில், மழை, அதன் அடியில் ஏழைகள். இந்த மூன்றும் இன்று எங்கள் மலையிலும் பல இடங்களில் சேர்ந்தே இருக்கின்றன.

மண்ணைத் தாங்குகிற மதிலுக்குப் பின்னால் தண்ணீர் நின்றால் என்ன ஆகும்? இதற்கும் கணக்கு இருக்கிறது. 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது 2 டன் விசையோடு தள்ளும். 10 மீட்டர் மதிலுக்கு 20 டன். மண்ணின் தள்ளுவிசை அது தனி. அந்தத் தண்ணீர் வெளியேற ஓட்டை வைத்திருந்தால் இந்த விசை எழவே எழாது. சில நூறு ரூபாய்க் குழாய்த் துண்டுகள் செய்கிற வேலை அது. எங்கள் பக்கத்தில் புதிதாகக் கட்டிய மதில்களை நடந்துபோய்ப் பார்த்தேன். சிலவற்றில் ஓட்டையே இல்லை. சிலவற்றில் இருந்த ஓட்டையை, செம்மண் தண்ணீர் வடிந்து பெயின்ட் கறைபடுகிறது என்று சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். அழகுக்காக அடைத்த ஓட்டை நாளை ஆளையே அடிக்கும்.

சரிவின் அடியை வெட்டுவதும் இதேபோலத்தான். 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி ஊட்டி லவ்டேல் அருகே கட்டுமான வேலையில் இருந்த 6 பெண் தொழிலாளர்கள், மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து இறந்தார்கள். பிப்ரவரி மாதம், மழைக்காலம்கூட இல்லை. அடிமண்ணை எடுத்தால் மேலே இருப்பது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? நீலகிரியில் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்று வைத்திருப்பது சும்மா அல்ல.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "விவசாயிகள் மட்டும் யோக்கியமா? சாமை, தினை, கேழ்வரகை விட்டுவிட்டு, சேகோ ஆலைக்காகச் சரிவெல்லாம் குச்சிக்கிழங்கு நட்டது யார்?" உண்மைதான். சாமையும் தினையும் நெருக்கமாக முளைத்து மண்ணை மூடும். குச்சிக்கிழங்கு மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், பிடுங்கும்போது மண்ணையும் கிளறிவிடும். சரிவில் வரப்பில்லாமல் கிழங்கு போட்ட காடுகளும் மண்ணை இழக்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. விவசாயி அடுத்த ஆண்டு வரப்புப் போடலாம், பயிரை மாற்றலாம், மண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம். ஜேசிபி வெட்டி, சிமென்ட் போட்டு மூடியதை யாரும் திரும்ப எடுப்பதில்லை. அதோடு, அழகுபடுத்த லட்சக்கணக்கில் செலவு செய்கிறவரிடம் வடிகாலுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று கேட்பது அநியாயம் ஆகாது.

சரி, என்ன செய்யலாம்? பொறியாளர் செய்ய வேண்டியது தனி. உயரமான மதிலுக்கும் செங்குத்தான சரிவுக்கும் கட்டாயம் அவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால், நில உரிமையாளரே புரிந்துகொள்ள வேண்டியவை இவை.

1. வெட்டுவதற்கு முன் தண்ணீரின் வழியைப் பாருங்கள். மலை நிலத்தில் பழைய ஓடைத் தடம் எங்காவது இருக்கும். கோடையில் வெறும் பள்ளம் போலத் தெரியும். அதை நிரப்பி கார் நிறுத்தும் இடமாக்காதீர்கள். ஓடை தன் வழியை மறக்காது.

2. முழுச் சரிவையும் ஒரே மட்டமாக வெட்டாதீர்கள். கட்டடம் நிற்கும் இடத்தை மட்டும் சிறுசிறு படிகளாக வெட்டுங்கள். எங்கள் முன்னோர் பள்ளத்தாக்கு வயலுக்குக் கல் அடுக்கிப் படி கட்டினார்கள். காரை பூசாத அந்தக் கல் கட்டில் தண்ணீர் தானாகக் கசிந்துவிடும். வெட்டிய மண்ணைச் சரிவின் ஓரத்தில் தள்ளிவிடுவது மிக மோசமான பழக்கம். இறுகாத அந்த மண்தான் முதல் பெருமழைக்கு இறங்கி வரும்.

3. சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில் வரப்பும் வாய்க்காலும் போடுங்கள். மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும். 'ஏ' வடிவச் சட்டம் செய்து என் மாணவர்கள் பள்ளி மைதானத்திலேயே சம உயரக் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் வெட்டிவேர் நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரைக்கும் நேர் கீழே இறங்கும். வேருக்காகத் தோண்டி விற்க அல்ல, மண்ணைப் பிடிக்க நட வேண்டும். விலை கொடுத்து வாங்கும் மெக்சிகன் புல்லும் கொரியன் புல்லும் தட்டையான முற்றத்துக்குச் சரி. அவற்றின் வேர் பெரும்பாலும் ஒரு சாண்கூட இறங்காது. சரிவை அது பிடிக்கும் என்று நம்பாதீர்கள்.

4. தண்ணீரைப் பிரித்து, மெதுவாக விடுங்கள். எல்லாக் கூரைத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்க்காதீர்கள். முதலில் தொட்டியில் பிடியுங்கள், துணி துவைக்கவும் செடிக்கு ஊற்றவும் ஆகும். மிஞ்சுவதைப் படிப்படியாக இறங்கும் கல் வாய்க்காலில் விடுங்கள். ஒவ்வொரு படியிலும் விழுந்து வேகம் குறையும். முடிவில் வண்டல் தங்க ஒரு குழி, அதன் பிறகு கல் பரப்பிய இடம், அதன் பிறகு இயற்கையான ஓடை. அடுத்தவர் காட்டிலோ, ஊர்ச் சாலையிலோ முடியக் கூடாது. சாலையில் விட்டால் முதலில் தார் போகும், பிறகு சாலையே போகும்.

5. மண்ணைத் தாங்கும் மதிலில் ஒன்றரை மீட்டருக்கு ஓர் ஓட்டையாவது விடுங்கள். ஓட்டைக்குப் பின்னால் ஜல்லி நிரப்புங்கள், இல்லாவிட்டால் மண் அடைத்துக்கொள்ளும். மழைக்கு முன் ஒருமுறை கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள்.

6. இதைப் பலர் கவனிப்பதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது முதல், எங்கே வேண்டுமானாலும் உறிஞ்சு குழி தோண்டினால் நல்லது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. சமவெளிக்கு அது சரி. மலையில் சரிவின் விளிம்பிலோ, மதிலுக்கு நேர் மேலேயோ குழி தோண்டித் தண்ணீரை உள்ளே இறக்கினால், சரிவை நாமே ஊறவைத்துத் தள்ளிவிடுவதற்குச் சமம். கழிவுநீர்க் குழியும் அப்படித்தான். விளிம்பில் இருந்து நன்றாகத் தள்ளி, தட்டையான, மண் உறுதியான இடத்தில் மட்டும் இறக்குங்கள்.

இவ்வளவும் உரிமையாளரின் நல்ல மனதை நம்பிச் சொன்னவை. நல்ல மனதை மட்டும் நம்பி இருக்க முடியாது. மலைப் பகுதிகளில் கட்டடம் கட்டத் தனி விதிகள் உண்டு. 'ஹாக்கா' என்று சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990 முதல் இருக்கிறது. விதி இல்லை என்பது நம் பிரச்சினை அல்ல. கோப்பில் கட்டடத்தின் உயரமும் அகலமும் இருக்கிறது. கீழே இருப்பவர் அதில் இல்லை. வரைபடம் எல்லைக்கல்லோடு முடிந்துவிடுகிறது. தண்ணீர் அந்தக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை.

ஆகவே என் கோரிக்கை எளிமையானது. எங்கள் கொல்லிமலையின் 14 நாட்டு ஊராட்சிகளிலும், வணிகத்துக்காக நிலம் வெட்டும் எவரும் ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதில் மூன்று விவரம் போதும். மழைத்தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்த வழியாகப் போகிறது, எந்த ஓடையில் முடிகிறது. அந்த வழியில் யார் யார் நிலம் இருக்கிறதோ, அவர்கள் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாள் கிராம சபையில் எல்லோர் முன்னாலும் படிக்கப்பட வேண்டும். பழைய விடுதிகளும் இரண்டு ஆண்டுக்குள் இதைச் செய்து முடிக்கட்டும். தனி ஆளாகப் போய்க் கேட்டால் "என் மவன் அங்கதான் வேலை பாக்குறான்" என்று வாய் அடைத்துப்போகிறது. சபையில் எல்லோருமாகக் கேட்டால் அது சண்டை ஆகாது, ஊர் நடைமுறை ஆகிவிடும். எங்கள் மலையில் நாடு, ஊர், பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் என்று கூடிப் பேசித் தீர்த்துக்கொண்ட வழக்கம் நேற்று வந்ததல்ல.

விடுதிக்காரர்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது. மலையைப் பார்க்கத்தான் விருந்தாளி வருகிறார். அருவியில் செம்மண் தண்ணீர் விழுந்தால், வளைவில் மண் சரிந்து பஸ் நின்றால், அவர் அடுத்த வாரம் வேறு மலைக்குப் போய்விடுவார். நமக்குப் போக வேறு மலை இல்லை.

அக்டோபர் 2 கிராம சபைக்கு நாள் நெருங்கிவிட்டது. குண்டனி நாட்டுக்காரர்கள் வாருங்கள், இதைத் தீர்மானமாக வைப்போம். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் உங்கள் சபையில் கேளுங்கள். விடுதி வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். முதல் பெரிய மழை பெய்யும்போது அறைக்குள் இருக்காதீர்கள். இடி நின்றதும் குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உங்கள் இடத்தைச் சுற்றி நடங்கள். தண்ணீர் எங்கே சேர்கிறது, எந்த மூலையில் கலங்குகிறது, எந்த இடத்தில் வெளியேறுகிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் கேட்டைத் தாண்டி, அது போகிற வழியிலேயே இருநூறு அடி கூடவே இறங்கிப் போங்கள். அங்கே யார் வீடு இருக்கிறது, யார் காடு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, உங்கள் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.

மழைக்காலம் எல்லோருக்கும் நல்லபடியாகக் கழியட்டும்.